‘அக்ரீ’ வழுக்கும் இடங்கள்

ஆங்கில ஐயங்களுக்கான இந்தப் பகுதியில் இம்முறை ஒரே வினைச்சொல்தான்: அக்ரீ. பள்ளிக்கூடத்துச் சொல், ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. ஆனாலும் தமிழில் ‘ஒத்துக்கிறேன்’ என்று ஒரே சொல்லில் நாம் தாண்டிவிடும் இடங்களில் ஆங்கிலம் நாலைந்து வினைகளை நிறுத்திவைத்திருக்கிறது. அங்கேதான் வழுக்குகிறது.

நேர்காணலில் ‘ஐ ஆம் அக்ரீ சார்’ என்றேன். தவறு என்றான் நண்பன். ‘ஐ ஆம் அக்ரீயிங்’ என்று திருத்திக்கொண்டேன். அதுவும் தவறு என்கிறான். எதுதான் சரி?
– பட்டதாரி, கும்பகோணம்

இரண்டு முறையும் நண்பர் சொன்னதுதான் சரி. ‘ஐ அக்ரீ’ என்றால் போதும்.

‘எனக்குச் சம்மதம்’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் அக்ரீயையும் ‘ரெடி’, ‘ஹேப்பி’ மாதிரி ஒரு நிலையைக் குறிக்கும் சொல்லாக எண்ணி, முன்னால் ‘ஆம்’ போட்டுவிடுகிறோம். ஐ ஆம் ரெடி சரி. ரெடி வினை இல்லை. அக்ரீ வினை, அதற்கு ‘ஆம்’ தேவையில்லை. கேள்வியிலும் ‘ஆர் யூ அக்ரீ?’ கிடையாது, ‘டூ யூ அக்ரீ?’தான். மறுப்பு ‘ஐ டோன்ட் அக்ரீ’.

‘அக்ரீயிங்’ வருவதற்குக் காரணம் வேறு. தமிழ் நிகழ்காலம் இரட்டை வேலை பார்க்கும். ‘படிக்கிறேன்’ என்றால் இந்த நிமிடம் புத்தகம் கையில் இருக்கலாம். தினமும் படிக்கும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இவற்றுக்கு இரண்டு வடிவம் வைத்திருக்கிறது. அறிவு, நம்பிக்கை, கருத்து ஆகியவற்றைச் சொல்லும் நோ, பிலீவ், அக்ரீ போன்ற வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்காது. ‘ஐ ஆம் நோயிங் தமிழ்’ காதில் எப்படி உறுத்துகிறதோ, அப்படித்தான் ‘ஐ ஆம் அக்ரீயிங் வித் யூ’வும்.

‘இங்’ வரவே வராதா என்றால், வரும். மனசுக்குள் இருக்கும் கருத்தாக இல்லாமல் வெளியே செய்யும் செயலாக அது மாறும்போது வரும். ‘ஹி கீப்ஸ் அக்ரீயிங் வித் த மேனேஜர்’ என்றால், மேலாளர் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். ‘ஐ ஆம் நாட் அக்ரீயிங் டு எனிதிங் டுடே’ என்றால், இன்றைக்கு எதற்கும் தலையைக் கொடுப்பதாக இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘வி ஆர் அக்ரீட்’ சரியான ஆங்கிலம். கூட்டத்தின் கடைசியில் தலைவர் ‘ஆர் வி அக்ரீட்?’ என்பார், எல்லோருக்கும் ஒரே முடிவுதானே என்று பொருள். அது பலர் கூடிய இடத்துச் சொல். தனி ஆள் ‘ஐ ஆம் அக்ரீட்’ என்று சொல்வதில்லை.

அக்ரீ வித், அக்ரீ டு, அக்ரீ ஆன்: மூன்றும் ‘ஒத்துக்கொள்’தானே? எங்கே எதைப் போடுவது?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

ஒரு வாடகைப் பேச்சில் மூன்றையும் பார்த்துவிடலாம். வீட்டுக்காரர் 8,000 ரூபாய் வாடகையை 9,500 ஆக்க வேண்டும் என்கிறார். ‘விலைவாசி ஏறிப்போச்சுங்க’ என்று தொடங்குகிறார். ஏறியது உண்மைதான். ‘ஐ அக்ரீ வித் யூ’ என்கிறீர்கள். அவருடைய கருத்தும் உங்கள் கருத்தும் ஒன்று. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நீங்கள் தரச் சம்மதிக்கவில்லை. அடுத்து, ‘பட் ஐ கான்ட் அக்ரீ டு தட் ரென்ட்’ என்கிறீர்கள். அவர் முன்வைத்த கோரிக்கைக்குச் சம்மதம் இல்லை. பேசிப் பேசி 8,700இல் வந்து நிற்கிறது. ‘வி அக்ரீட் ஆன் எய்ட் தவுசண்ட் செவன் ஹண்ட்ரட்.’ இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புள்ளியில் முடிவுக்கு வந்தாயிற்று.

ஆக, ஆள் அல்லது கருத்து என்றால் வித். ஒருவர் கேட்டதற்கு மற்றவர் இசைந்தால் டு. இருவரும் கூடி முடிவு செய்தால் ஆன். ஒப்பந்தப் பத்திரங்களில் வரும் ‘அக்ரீட் அப்பான்’ இந்த ஆனின் கோட்டு சூட்டு போட்ட வடிவம், பொருள் அதேதான்.

அலுவலகத்தில் இருப்பவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வித், டு வேறுபாட்டை. ‘ஐ அக்ரீ வித் த ப்ரபோசல்’ என்றால் திட்டம் நல்லது என்று நினைக்கிறேன். இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘ஐ அக்ரீ டு த ப்ரபோசல்’ என்றால் அனுமதி கொடுக்கிறேன். கொடுக்கும் இடத்தில் இருப்பவர்தான் இதைச் சொல்ல முடியும். மின்னஞ்சலில் டு போட்டுவிட்டு, ‘நான் சும்மா நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்’ என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

நம் ஊரில் பரவலாகக் கேட்கும் தவறு ‘அக்ரீ ஃபார்’. ‘ஹி அக்ரீட் ஃபார் த மேரேஜ்.’ கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை ‘கு’ செய்த வேலை இது. அந்தக் ‘கு’வுக்கு ஆங்கிலத்தில் டுவும் உண்டு, ஃபாரும் உண்டு. இங்கே டு: ‘ஹி அக்ரீட் டு த மேரேஜ்.’ பின்னால் வினை வந்தாலும் அதே டுதான்: ‘ஹி அக்ரீட் டு கம்.’

எதிர்ச்சொல்லில் ஒரு குழி இருக்கிறது. ‘வர ஒத்துக்கவில்லை’ என்பதை ‘ஹி டிஸ்அக்ரீட் டு கம்’ என்று எழுதுகிறார்கள். டிஸ்அக்ரீ கருத்து வேறுபாட்டுக்கு மட்டும்தான், அதோடு வித் வரும். ஒரு செயலைச் செய்ய மறுத்தால் ரெஃப்யூஸ்: ‘ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்.’ அக்ரீ டுவுக்கு எதிர்ச்சொல் ரெஃப்யூஸ் டு என்று சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’, ‘அழைப்பை ஏற்றுக்கொண்டார்’, ‘அப்பா என்னைப் போக ஒத்துக்கலை’: மூன்றுக்கும் அக்ரீ போடலாமா?
– மொழிபெயர்ப்பு பயிலும் மாணவி, திருச்சி

மூன்றில் ஒன்றுக்குக்கூட நேராகப் போட முடியாது.

முதலாவது அட்மிட் அல்லது கன்ஃபெஸ். தனக்குப் பாதகமான உண்மையை வாய்விட்டுச் சொல்வது அது. ‘ஹி அக்ரீட் தட் ஹி ஸ்டோல் த பைக்’ என்று எழுதினால், யாரோ ஏற்கெனவே ‘நீதான் வண்டியைத் திருடினாய்’ என்று ஒரு கருத்தை வைக்க, இவர் ‘ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது’ என்று ஆமோதித்தது போலத் தொனிக்கும். ‘ஹி அட்மிட்டட் ஸ்டீலிங் த பைக்’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது அக்செப்ட். கையில் வாங்கிக்கொள்ளக்கூடியது எதுவும் அக்செப்ட்: அழைப்பு, பரிசு, வேலை, மன்னிப்பு. ஆனால் அக்செப்டுக்குப் பின் டு போட்டு வினை எழுதக் கூடாது. ‘ஷி அக்செப்டட் டு ஸ்பீக்’ தவறு. பேச இசைந்தார் என்றால் ‘ஷி அக்ரீட் டு ஸ்பீக்.’ பெயர்ச்சொல் வந்தால் அக்செப்ட், வினை வந்தால் அக்ரீ டு என்பது பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும் கணக்கு.

மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள். ‘மை ஃபாதர் டிட் நாட் அக்ரீ மீ டு கோ.’ அக்ரீ என்ற வினை நடுவில் ஓர் ஆளை ஏற்காது. ‘போக விடவில்லை’ என்பதுதான் சொல்ல வந்தது என்றால் ‘மை ஃபாதர் டிட் நாட் லெட் மீ கோ’, அல்லது ‘டிட் நாட் அலவ் மீ டு கோ.’ அக்ரீயையே விடமாட்டேன் என்றால் ‘மை ஃபாதர் டிட் நாட் அக்ரீ டு லெட் மீ கோ’ என்று சுற்றி வர வேண்டும்.

பால் எனக்கு ஒத்துக்காது. வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கும்போது இதை எப்படிச் சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

இந்த ஓர் இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பாதையில் போகின்றன. ‘மில்க் டஸின்ட் அக்ரீ வித் மீ.’ ஒத்துக்காது, சேராது என்று நாம் சொல்வதன் அச்சுப் பிரதி. வித் கட்டாயம், ‘மில்க் இஸ் நாட் அக்ரீயிங் மீ’ வேண்டாம். உணவு மட்டுமில்லை, தட்பவெப்பமும் இப்படி வரும்: ‘த கோல்ட் டஸின்ட் அக்ரீ வித் மீ.’

இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அக்ரீயின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘க்ரே’ என்றால் விருப்பம், மகிழ்ச்சி. லத்தீனில் இனியது என்ற பொருள் தரும் ‘கிராட்டும்’ அதன் தாய். விருப்பமாக இருப்பது, பிடித்துப்போவது என்ற அந்த முதல் பொருள் இன்றும் ‘அக்ரீயபிள்’ என்ற சொல்லில் மிச்சம் இருக்கிறது. அக்ரீயபிள் கிளைமேட் என்றால் இதமான தட்பவெப்பம். அக்ரீயபிள் மனிதர் என்றால் பழக இனியவர். எதற்கெடுத்தாலும் ஒத்துக்கொள்கிறவர் இல்லை.

ஓர் எச்சரிக்கை. விருந்தில் ‘டஸின்ட் அக்ரீ வித் மீ’ போதும். மருத்துவமனையில் ‘ஆர் யூ அலர்ஜிக் டு எனிதிங்?’ என்று கேட்கும்போது இதைச் சொல்லாதீர்கள். வயிறு உப்புசம், சங்கடம் என்ற அளவில்தான் இந்தச் சொல்லை அவர்கள் புரிந்துகொள்வார்கள். உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் ‘அலர்ஜிக்’ என்ற சொல்லையே சொல்லி, என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள்.

‘ஐ குடின்ட் அக்ரீ மோர்’ என்று பதில் வந்தது. மறுக்கிறாரா?
– விற்பனைப் பிரதிநிதி, சேலம்

இல்லை, முழுசாக ஆமோதிக்கிறார். ‘இதைவிட அதிகமாக ஒத்துக்கொள்ள இடமே இல்லை’ என்பது பொருள். ‘மோர்’ விட்டுப்போனால் அர்த்தம் தலைகீழ். உண்மையான மறுப்பு மெதுவான குரலில் வரும்: ‘ஐ டோன்ட் குவைட் அக்ரீ.’ ‘குவைட்’ இருப்பதால் கொஞ்சம்தான் மறுக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மரியாதைக்காகத் தணிந்திருக்கிறது, அவ்வளவே. ‘வெரி அக்ரீ’ என்று எழுதாதீர்கள். ஃபுல்லி அக்ரீ, கம்ப்ளீட்லி அக்ரீ என்று வரும்.

லண்டன் பத்திரிகையில் ‘மினிஸ்டர்ஸ் அக்ரீ டீல்’ என்ற தலைப்பைப் பார்த்தேன். ஆன் விட்டுப்போன அச்சுப்பிழையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பிழை இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இடைச்சொல் இல்லாமலே ‘அக்ரீ எ டேட்’, ‘அக்ரீ எ ப்ரைஸ்’ என்று எழுதுவார்கள். அமெரிக்கர் காதுக்கு அது குறையாகக் கேட்கும், அவர்கள் ஆன் சேர்ப்பார்கள். பேசி முடிவு செய்யும் பொருள்களான விலை, தேதி, நிபந்தனை, திட்டம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ‘ஐ அக்ரீ யுவர் ஒப்பீனியன்’ என்று எந்த நாட்டிலும் எழுத முடியாது.

தணிக்கைத் துறையிலும் அக்ரீ நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். வங்கி அறிக்கையில் உள்ள இருப்பும் பேரேட்டில் உள்ள இருப்பும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதை ‘அக்ரீ த பேலன்ஸ் டு த லெட்ஜர்’ என்பார்கள். சம்மதத்துக்கு அங்கே வேலையில்லை. இரண்டு தொகையும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

‘சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமென்ட்’ என்று பாடத்தில் வருகிறது. எழுவாயும் பயனிலையும் என்ன ஒப்பந்தம் போடுகின்றன? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?
– பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

ஒப்பந்தம் என்று மொழிபெயர்த்தால் குழப்பம்தான். இது பொருத்தம், இயைபு. பிள்ளைகளுக்குத் தமிழிலேயே தெரிந்த சங்கதி. ‘மாடு வந்தான்’ என்றால் சிரிப்பார்கள்: திணை வழு. ‘அவன் வந்தாள்’ பால் வழு. ‘நான் வந்தாய்’ இட வழு. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிற கிளவியாக்கமே இந்தப் பொருத்தங்களைத்தான் பேசுகிறது. திணை, பால், எண், இடம் என்று நான்கையும் வினையில் ஏற்றிப் பழகிய நமக்கு ஆங்கிலம் சுமையே இல்லை. ஆம், இஸ், ஆர் என்று மாறும் ‘பி’ வினையை ஒதுக்கிவிட்டால், நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஓர் ‘எஸ்’ சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஹி கம்ஸ், தே கம்.

அந்த ஓர் எஸ்ஸைக் கோட்டைவிடுவது ஏன்? பெயர்ச்சொல்லில் எஸ் சேர்ந்தால் பன்மை, வினையில் எஸ் சேர்ந்தால் ஒருமை. ஒரே எழுத்து எதிரெதிர் வேலை செய்கிறது. ‘டாக் பார்க்ஸ், டாக்ஸ் பார்க்’ என்று கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதி, வாக்கியத்துக்கு ஓர் எஸ்தான், அது இங்கே இல்லையென்றால் அங்கே இருக்கும் என்று காட்டுங்கள். சாதாரண வாக்கியங்களுக்கு இது போதும்.

அடுத்த தவறு, பக்கத்து வீட்டைப் பார்த்து ஏமாறுவது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் இன் சென்னை.’ வினைக்கு அருகில் ஃப்ரெண்ட்ஸ் என்ற பன்மை நிற்பதால் கை தானாக ஆர் போட்டுவிடுகிறது. எழுவாய் அதுவன்று, ஒன். ஆஃப் முதல் வினைக்கு முன்வரை பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள்: ‘ஒன் … இஸ் இன் சென்னை.’ ‘த ப்ரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்’ இருக்கும் வாக்கியத்திலும் தக்காளியை அடித்தால் விலை ஒருமையாக நிற்கும், இஸ் தானே வரும்.

பென்சில் வேலை செய்யாத சில உண்டு. போலீஸ் எப்போதும் ஆர். நியூஸ் எப்போதும் இஸ். ‘டென் தவுசண்ட் ருப்பீஸ் இஸ் எனஃப்’: தொகை ஒரே கட்டாகக் கணக்கில் வருவதால் ஒருமை. ‘ஐதர்… ஆர்’ வந்தால் மட்டும் பக்கத்து வீட்டுக்குத்தான் மரியாதை. வினைக்கு அருகில் உள்ள பெயர் எதுவோ அதற்கேற்ப வினை வரும்.

ஆங்கிலத்தில் கறாராக இருந்துவிட்டுத் தமிழ்க் கட்டுரையில் ‘மரங்கள் விழுந்தது’ என்று எழுதும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். பேச்சில் போகட்டும், எழுத்தில் ‘விழுந்தன’.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். ‘டு வாட் எக்ஸ்டென்ட் டூ யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?’ என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டுமா?
– செவிலியர், நாகர்கோவில்

கேட்பது ‘எந்த அளவுக்கு’ என்று. அந்த அளவைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் அலசிவிட்டுக் கடைசியில் நழுவுவதுதான் மதிப்பெண் இழக்கும் வழி. முதல் பத்தியிலேயே ‘ஐ கம்ப்ளீட்லி அக்ரீ’ அல்லது ‘ஐ பார்ட்லி அக்ரீ’ என்று நிலையைச் சொல்லிவிடுங்கள். முழு உடன்பாடு என்றால் மறுபக்கம் கட்டாயமில்லை. பாதி உடன்பாடு என்றால் எதில் ஒத்துப்போகிறீர்கள், எதில் இல்லை என்று தனித்தனிப் பத்தி வேண்டும். 40 நிமிடம், குறைந்தது 250 சொல். அதற்குள் முதல் பத்தியில் ஒன்றும் கடைசிப் பத்தியில் வேறொன்றும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புத் தாளிலும் அக்ரீ வரும், வேறு பொருளில். ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்வியில், கொடுத்த வாக்கியம் பத்தியில் உள்ள தகவலோடு ‘அக்ரீ’ ஆகிறதா என்று கேட்பார்கள். உங்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பொருந்தினால் ட்ரூ, முரண்பட்டால் ஃபால்ஸ், பத்தியில் பேச்சே இல்லையென்றால் நாட் கிவன். உங்கள் பொது அறிவுக்கு உண்மை என்று தெரிந்தாலும், பத்தியில் இல்லாததற்கு ட்ரூ போடாதீர்கள்.

அக்ரிமென்ட், கான்ட்ராக்ட்: இரண்டும் ஒன்றா?
– வீட்டுமனை வாங்க இருப்பவர், செங்கல்பட்டு

பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒன்றுக்கொன்று கைம்மாறாக அமையும் வாக்குறுதிகள் அக்ரிமென்ட். அதில் சட்டத்தால் நிறைவேற்றக்கூடியது கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் எல்லாம் அக்ரிமென்ட்தான். அக்ரிமென்ட் எல்லாம் கான்ட்ராக்ட் ஆகிவிடாது.

அக்ரீ என்ற வினையின் பொருளை அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு அழகாகப் பிடித்திருக்கிறது: இருவர் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒப்பினால்தான் அது இசைவு. 29ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவர் மற்றவருக்கு ‘நூறு டன் எண்ணெய்’ விற்க ஒப்புகிறார். என்ன எண்ணெய் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அந்த அக்ரிமென்ட் செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வணிகர் என்றால் அதே சொற்கள் செல்லும், தேங்காய் எண்ணெய் என்று தெளிவாகிவிடுவதால். மனைப் பத்திரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, தொகை, கெடு எல்லாம் எழுதச் சொல்வது இதற்குத்தான்.

இன்னொன்று. ‘அக்ரிமென்ட் போட்டாச்சு, மனை நம்மது’ என்று இருந்துவிடாதீர்கள். விற்பனைக்கான ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவு சொல்கிறது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் மனை உங்களுடையது.

‘டோன்ட் யூ அக்ரீ?’ என்று கேட்டால் எஸ்ஸா, நோவா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

ஒத்துக்கொண்டால் ‘எஸ், ஐ டூ’. இல்லையென்றால் ‘நோ, ஐ டோன்ட்’. ‘எஸ், ஐ டோன்ட்’ என்ற கலவை ஆங்கிலத்தில் இல்லை.

தமிழில் ‘நீ வரலையா?’ என்றால் ‘ஆமா, வரலை’ என்று சொல்ல முடியும். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ‘ஆமா’. ஆங்கில எஸ், நோ கேட்டவரைப் பார்ப்பதில்லை, பின்னால் வரும் வினையைத்தான் பார்க்கிறது. வினை எதிர்மறை என்றால் நோ. அதனால் எதிர்மறைப் பேச்சை ஆமோதிக்க ஆங்கிலத்தில் நோ சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கி வாடிக்கையாளர் சேவை மையத்தில் ‘யூ ஹேவன்ட் ஷேர்ட் யுவர் ஓடிபி, ஹேவ் யூ?’ என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். ‘ஆமா சார், சொல்லலை’ என்ற நினைப்பில் ‘எஸ் சார்’ என்றால், எண்ணை யாருக்கோ சொல்லிவிட்டேன் என்று பதிவாகும். ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.